அந்த வார்த்தையைச் சொல்லாத வாரம்

ஜூலை 8, வெள்ளி

ஊரே தலைகீழாகக் கிடக்கிறது. விளக்குக் கம்பம் ஒன்று விடாமல் கொடி. ஏரிக்கரைச் சாலையில் வண்டி நகரவில்லை. பாஸ்டன்காரன் ஒருவன் கண்ணாடியை இறக்கி என்னிடம் மைதானத்துக்கு வழி கேட்டான், அதுவும் பாஸ்டன் தொப்பியைக் கழற்றாமல். சொல்லித் தொலைத்தேன். பேஸ்பாலில் எல்லா டீமின் சிறந்த ஆட்களும் இரண்டு கட்சியாகக் கலந்து ஆடும் ஆல்-ஸ்டார் வாரம் என்றால் பகையாளிக்கும் வழி சொல்லத்தான் வேண்டும்.

திங்கள், பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் போட்டி; செவ்வாய் ஆட்டம். இரண்டும் நம் மில்வாக்கியில்! சீசன் இருக்கை வைத்திருப்பவர்களுக்குக் குலுக்கல் போட்டார்கள்; செவ்வாய் ஆட்டத்துக்கு எனக்கும் கார்லீனுக்கும் விழுந்தது. அதே பழைய இருக்கைகள். நடைபாதை ஓரம் நான், எனக்கு இடது பக்கம் என் தங்கை. இருபது வருடமாக அவள் அம்பயரைத் திட்டுவதெல்லாம் என் இடது காது வழியாகத்தான் மைதானத்துக்குப் போகிறது. ஒரு தடவை அம்பயர் நிமிர்ந்து பார்த்து அவளுக்குத் தொப்பியைத் தொட்டுக் கும்பிடாத குறை. எங்கள் பகுதியில் அதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பந்து வீசும் நம் பிட்சர் லெவி டன்ஹாமும் ஆல்-ஸ்டாரில் இருக்கிறான். அவன் பெயரை எழுதும்போதே நார்பர்ட் மேல் கோபம் பொங்குகிறது. பக்கத்து வீட்டு நார்பர்ட். எங்களுக்கு ஐந்து வரிசை கீழே உட்காருபவன்; குலுக்கலில் அவனுக்கும் விழுந்திருக்கிறது. ஜூன் மாதம் டன்ஹாம் ஏழு இன்னிங்ஸ் வீசி முடித்திருந்தான், எதிர் டீமில் ஒருவன்கூட ஒழுங்காக அடித்து ஓடவில்லை. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் கெட்டுவிடும். டீம் ஆட்களே பிட்சர் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். பெஞ்சின் மறு கோடிக்குப் போய்விடுவார்கள். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நார்பர்ட் எங்கள் வரிசைக்கு ஏறி வந்து, வாயில் சாசேஜோடு, அந்த வார்த்தையை முழுசாகச் சொன்னான். அடுத்த பந்தே அடி! அன்றிலிருந்து அவனோடு பேச்சு கிடையாது. அந்த வார்த்தையை நான் இங்கேகூட எழுதப் போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புதன்கிழமை கார்லீன் கழுத்தில் ஊசி போட்டுப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள். இரண்டு கட்டி, இரண்டிலிருந்தும். அடுத்த வாரம் ஃபோன் வரும். கெட்டதாக இருந்தால் அறுக்க வேண்டும்; குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது என்று டாக்டரம்மா சொன்னாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நாங்கள் டன்ஹாமைப் பற்றித்தான் பேசினோம்.

ஜூலை 10, ஞாயிறு

சீசன் முதல் பாதியின் கடைசி ஆட்டம். ஜெயித்தோம். கார்லீன் கத்தியதில் முன்வரிசைக் குழந்தை அழுதது. "கண்ணாடி வாங்கித் தரட்டுமாய்யா? கண்ணாடி!" என்று அம்பயரைக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டாள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். உடனே கையை எடுத்து மூக்கைச் சொறிந்தாள்.

இனி வெள்ளிக்கிழமை வரை நம் டீமுக்கு ஆட்டம் இல்லை. மற்ற வருடங்களில் இந்த இடைவெளி எனக்குப் பிடிக்கும், துணி துவைக்கலாம்.

நார்பர்ட் வேலி மேல் எட்டிப் பார்த்து, "இர்மா, இன்னுமா கோவம்? அவனும் மனுஷன்தான், எப்படியும் எட்டாவதுல அடி வாங்கிருப்பான்" என்றான். கதவைச் சாத்தினேன்.

ஜூலை 11, திங்கள்

காலையில் ஊர்வலம் பார்க்கப் போனேன். கார்லீன் வரவில்லை, உருளைக்கிழங்கு சாலட் செய்கிறேன் என்றாள். டன்ஹாம் திறந்த வண்டியில் போனான். அவன் அம்மா பக்கத்தில், பூப்போட்ட சட்டை. "டன்ஹாம், ஒழுங்காச் சாப்பிடுப்பா!" என்று கத்தினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் அவளும் ஒரே கட்சி.

அதை மூச்சுவிடாமல் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தால், நார்பர்ட் எங்கள் சமையலறையிலிருந்து வெளியே வருகிறான். கடன் வாங்கிய கரி அடுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தானாம். என்னைக் கண்டதும் வாயைத் திறந்தான், மூடினான், போய்விட்டான். நார்பர்ட்டுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போன நாளை நான் கண்டதே இல்லை.

உள்ளே கார்லீன். முகம் ஒரு மாதிரி. அழுதிருக்கிறாள்.

"ஃபோன் ஏதாச்சும் வந்துச்சாடி?"

"வந்துச்சு. யாரோ ஜன்னல் விக்கிறவன்."

அவள் குளிக்கப் போனபோது ஃபோனில் நம்பரைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி நம்பர்.

மாலையில் ஹோம் ரன் போட்டியை டிவியில் பார்த்தோம். பார்த்தோம் என்பது பேச்சுக்கு. சோபாவில் எனக்கு இடது பக்கம் அவள் இடம், அவள் உட்கார்ந்து குழி விழுந்த இடம். இன்று சமையலறைக் கதவோரம் மர நாற்காலியைப் போட்டு அங்கே உட்கார்ந்தாள். "இங்க காத்து வருது" என்றாள். சிகாகோ தடியன் ப்ரைஸ் பந்துகளை மைதானத்துக்கு வெளியே வெளியே அனுப்புகிறான். ஊரே எழுந்து ஆடுகிறது. எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

கேட்டிருக்கலாமே? வாய் வரவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று — இல்லை, பயம். பயம்தான்.

ஜூலை 12, செவ்வாய்

இன்றைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். எழுத ஆசையாக இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கரிப் புகை. எல்லா ஊர்ச் சட்டைகளும் ஒரே அடுப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தன. டெட்ராய்ட்டிலிருந்து வந்த குடும்பம் எங்கள் கடுகு சாஸை வாங்கி, எங்களுக்கு அவர்கள் பீரைக் கொடுத்தது. கார்லீன் எல்லோரோடும் சிரித்துப் பேசினாள். என்னைத் தவிர எல்லோரோடும்.

உள்ளே போய் இருக்கைக்கு வந்ததும் நின்றாள்.

"அக்கா, நான் இன்னைக்கு நார்பர்ட் சீட்ல உக்காந்துக்கறேன். அவன் இங்க வரட்டும்."

"ஏன்?"

"அங்க நல்லாத் தெரியுது."

"இருபது வருஷமா தெரியாதது இன்னைக்குத் தெரியுதா?"

"சும்மா உக்காரு அக்கா. ஆட்டத்தப் பாரு."

போய்விட்டாள். ஐந்து வரிசை கீழே. நார்பர்ட் ஏறி வந்து, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன்போல் என் இடது பக்கம் உட்கார்ந்தான்.

டன்ஹாம் மூன்றாவது இன்னிங்ஸ் வீசினான், மூன்று பேரையும் பெஞ்சுக்கே திருப்பி அனுப்பினான். நாற்பதாயிரம் பேர் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். ப்ரைஸ் ஆட வந்தபோது பழக்கதோஷத்தில் "ஊ" என்று கூவிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, இன்று அவன் நம் கட்சி. முன்னால் இருந்த பெரியவர் திரும்பி, "விடும்மா, எனக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்" என்றார். மற்ற நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருப்போம்.

நான் பார்த்ததெல்லாம் அவள் பின்னந்தலையை. அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அம்பயர் அப்பட்டமாகத் தப்புச் சொன்னான், வாய் திறக்கவில்லை. குரலைச் சேமித்து வைக்கிறாளா? இல்லை, இப்போதே விட்டுவிட்டாளா?

நார்பர்ட் ஒன்பது இன்னிங்ஸும் ஊமை. "சாசேஜ் வேணுமா?" என்று ஒரே கேள்வி. ஏழாவதில் என் பக்கம் திரும்பினான், ஏதோ சொல்ல வந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டான். இழவு வீட்டில்கூட நகைச்சுவை சொல்பவன் இவன். இவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவனிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

நாங்கள்தான் ஜெயித்தோம். நாங்கள் என்றால் யார் யாரோ.

ஜூலை 13, புதன்

எந்த ஊரிலும் ஆட்டம் இல்லாத நாள். ரேடியோவைப் போட்டால் பழைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கார்லீன் வேலைக்குப் போனாள், வந்தாள். மர நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் சோபாவில். நடுவில் கம்பளம்.

என்னடி பண்ணேன் நான்? உனக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்னு நினைக்கிறியா? தாங்க மாட்டேன்தான். அதுக்காக நார்பர்ட் கிட்டயா சொல்லுவ? அந்த ஓட்ட வாயன் கிட்டயா? உன் குரல் போனா போகட்டும். நான் கத்தறேன் உனக்கும் சேத்து. நீ பக்கத்துல உக்காரு போதும்.

நாளைக்குக் கேட்டுவிடுவேன்.

ஜூலை 14, வியாழன்

ஒழுங்கு வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

காலையில் முட்டை பொரித்துக்கொண்டே, இன்று கேட்டே தீருவது என்று வாயில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். திரும்பி, "கார்லீன்" என்றேன். அவள் ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் முதுகுதான் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நார்பர்ட் ரப்பர் குழாயோடு நின்று தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் செடியில் இல்லை, செடி மூழ்கிக்கொண்டிருந்தது. முட்டை கருகியது. நானும் அவனும் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஃபோனை வைத்தாள். உள்ளே வந்தாள். மர நாற்காலியைத் தாண்டி வந்தாள். சோபாவில் அவள் குழியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், கையில் கரண்டியோடு.

"நோ-ஹிட்டர், அக்கா" என்றாள். அதே வார்த்தை, ஒரு அடிகூட வாங்காமல் முடிகிற ஆட்டத்தின் பெயர்.

எனக்குப் புரியவில்லை. "யாரு? நேத்து ஆட்டமே இல்லயே?"

"ஐயோ அக்கா! நான்! ரெண்டு கட்டியும் சுத்தம். மொதக் கட்டி ஒண்ணும் இல்லன்னு திங்கக்கிழமையே சொல்லிட்டாங்க. ரெண்டாவது சரியாத் தெரியல, வேற லேபுக்கு அனுப்பிருக்கோம், வியாழக்கிழமை கூப்பிடறோம்னாங்க. ஆட்டம் பாதி ஓடிட்டிருக்கு, நல்லாப் போயிட்டிருக்கு. வாயத் தொறந்து சொல்லுவனா?"

நான் அவளை அடித்தேன். கரண்டியால் அல்ல, குஷனால். "செத்துச் செத்துப் பொழச்சேன்டி நான்! ஆஸ்பத்திரி நம்பரப் பாத்தேன்டி! ஜன்னல் விக்கிறவனாம்!"

"நீ ஏன் என் ஃபோனப் பாத்த?"

"நீ ஏன் அந்த நாக்காலில போய் உக்காந்த?"

"பக்கத்துல உக்காந்தா நீ கேப்ப. கேட்டா எனக்கு வாயில வந்துரும். பெஞ்சோட அந்தக் கோடிக்குப் போகணும்னு யாரு சொல்லிக் குடுத்தது? நீதான! நான் எட்டு வயசுல வாயத் தொறந்ததுக்கு நீ என்னைத் தூக்கி வராந்தாவுல விட்டுக் கதவ அடைச்சியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது.

அப்போது வாசலில் நார்பர்ட். கால் முழுக்கச் சேறு, குழாய் இன்னும் கையில். "இர்மா, திங்கக்கிழமை ஃபோன் வந்தப்ப நான் அங்க நின்னுட்டேன், என்ன பண்றது? அந்த வார்த்தைய நான் இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ஒரு தடவகூட. எனக்கு வயித்து வலியே வந்துருச்சு. இப்பச் சொல்லலாமா?"

"சொல்லுய்யா" என்றேன்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான். பிறகு மூன்று பேரும் கருகின முட்டையைச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

எனக்கு என் மேலேயே சிரிப்பு வருகிறது. முதல் பந்திலேயே ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்பவள் நான். தள்ளிப் போய் உட்கார்ந்தாள், பேசவில்லை, ஓட்டை வாயன்கூட வாயை மூடிக்கொண்டான். மைதானத்தில் இதைப் பார்த்திருந்தால், அப்பாடா, நல்லது நடந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்திருக்கும். வீட்டுக்குள் நடந்ததால் சாவு என்று படித்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு தடவை ஸ்கேன் பார்க்க வேண்டும் என்றார்களாம். பார்த்துக்கொள்ளலாம். அதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

ஜூலை 15, வெள்ளி

இரண்டாம் பாதி தொடங்கியது. சிகாகோவிடம் 9–1 தோல்வி. அந்தத் தடியன் ப்ரைஸ் டன்ஹாமின் பந்தை இரண்டு தடவை வெளியே அனுப்பினான். செவ்வாய்க்கிழமைதான் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று வயிறார "ஊ" என்று கூவினேன்.

நார்பர்ட் எங்கள் வரிசைப் படியில் வந்து குந்திக்கொண்டு, இது போன வருடத்தைவிட மோசம் என்று ஆரம்பித்து வாயை மூடவே இல்லை. நான் விரட்டவில்லை. இருக்கை காட்டுகிற பையன் வந்து விரட்டினான்.

கார்லீன் என் இடது பக்கம். முதல் இன்னிங்ஸிலிருந்து கடைசி வரை கத்தினாள். அம்பயருக்கு, அம்பயரின் கண் டாக்டருக்கு, அந்த டாக்டருக்குப் பாடம் சொன்ன வாத்தியாருக்கு. என் இடது காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைத்தே இருக்கட்டும்.