ஹாலில் கிடந்த பின் சீட்டு

அப்பா,

இன்று காலை பழைய சாமான் எடுக்க வந்தவர், ஹாலில் கிடந்த பின் சீட்டைக் கத்தியால் கீறிவிட்டார். உள்ளே ஸ்பிரிங் தேறுமா என்று பார்க்கத்தான். ரெக்சின் பிளந்து தேங்காய் நார் வெளியே வந்தது. கூடவே அந்த வாசனையும்: புழுங்கிய நார், கொஞ்சம் பெட்ரோல், எப்போதோ நீங்கள் கொட்டிய காபி.

"செம வெய்ட்டு மேடம் இது. எட்த்துகினு போவட்டா?"

இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். நீங்களும் போய்விட்டீர்கள், இந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று தெரியவில்லை. கிழிந்த இடத்தைத் துண்டால் மூடி, அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இது ஹாலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், பூந்தமல்லியைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் நடக்கிறது என்று உங்கள் நண்பர் அந்தோணி அங்கிள் உங்களைக் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது உங்கள் முகமே வேறாக இருந்தது. அடுத்த வாரம் நம் பழைய பச்சைக் காரை மண்ணூர்பேட்டையில் உங்கள் லேத் பட்டறைக்கு ஓட்டிப்போய், நீங்களும் ரேஸ் ஓட்டுவதற்காக எடை குறைக்கவென்று பிரித்தீர்கள். முன்னால் இருந்த இடது சீட்டு போனது. ரேடியோ போனது. கதவின் உள்பக்க அட்டைகள் போயின. கடைசியில் பின் சீட்டு. அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவரோடு சேர்த்து, அடியில் செங்கல் கொடுத்து சோபாவாக்கிவிட்டீர்கள்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நல்லா கீது. மத்தவங்க ஊட்ல காரு தெருவுல நிக்கும். நம்ம ஊட்ல பாதி காரு ஹால்ல குந்திகினு கீது."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தோணி அங்கிள் பட்டாபிராமிலிருந்து ரயில் பிடித்து, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வருவார். கப்பலில் வேலை பார்த்த அவர் தம்பி கொண்டுவந்த வெளிநாட்டு கார் பத்திரிகை ஒன்று அவர் கையில் இருக்கும். அதன் நடுப்பக்கத்தில் இரண்டு ஜெர்மன் வண்டிகளை எதிரெதிரே நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள். ஒன்று ஸ்டுட்கார்ட்டில் செய்தது, தவளைபோல் பதுங்கி, எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொண்டது. இன்னொன்று மியூனிக்கில் செய்தது, பெட்டிபோல் சதுரமாக, பார்க்க நம் தெரு வண்டிகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும். இரண்டுமே ரேஸ் பாதைக்கென்று எடையைக் குறைத்து உருவாக்கியவை. நீங்கள் தவளைக் கட்சி, அங்கிள் பெட்டிக் கட்சி.

"பாரு மாமே, கண்ணாடியக்கூட மெலிசா போட்டுக்கீறான் மியூனிக்காரன். ஆனா பின் சீட்ட உட்டு வெச்சிக்கீறான். நாலு பேரு குந்துற வண்டிய வெச்சிகினு ஜெயிக்கிறான். அதான் கெத்து."

"போடா. ஸ்டுட்கார்ட்காரன் கதவு கைப்பிடியையே எடுத்துட்டு துணிநாடா கட்டியிருக்கான். பின் சீட்டே கிடையாது. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். நடுவுல நிக்கலை பாரு."

"அது காரா? நாலு சக்கரம் வெச்ச ஸ்கூட்டரு. பின்னாடி எஞ்சின வெச்சிகினு வளைவுல ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தேன்னு வெய்யி, வாலு முன்னாடி வந்துரும்."

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வராது."

"பாப்பா, நீ சொல்லு. எந்த வண்டி?" என்று அங்கிள் என் பக்கம் திரும்புவார்.

"மியூனிக்."

"ஏம்மா?" என்பீர்கள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"அதுலதான் எனக்கு இடம் இருக்கு."

அங்கிள் தொடையைத் தட்டிச் சிரித்தார். "போட்டா பாரு ஒரு போடு!" நீங்கள் என் தலையைக் கலைத்துவிட்டு, "இந்த ரேஸ் முடியட்டும், சீட்டைத் திரும்ப மாட்டிடறேன். நாலே போல்ட்டு, அரைமணி நேர வேலை" என்றீர்கள். நான் நம்பினேன். அடுத்த ரேஸுக்கு முன்பும் அதையே சொன்னீர்கள். அப்போதும் நம்பினேன்.

ரேஸ் நாட்களில் நீங்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவீர்கள். அம்மா வேலைகளை முடித்துவிட்டு வந்து இந்தச் சீட்டில் உட்காருவாள். நான் அவள் பக்கத்தில். டிவி ஓடும், பார்க்க மாட்டாள். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கழுத்து திரும்பும். கார் எங்கோ வளைவுகளில் பறந்துகொண்டிருக்க, அதன் பின் சீட்டில் நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் நீங்கள் புழுதியோடு உள்ளே வந்ததும் அம்மா எழுந்து காபி போடப் போவாள். ஜெயித்தீர்களா என்று நான்தான் கேட்பேன். ஒருமுறைகூட நீங்கள் ஜெயித்ததில்லை. "இன்னும் கொஞ்சம் எடை குறைக்கணும்மா" என்பீர்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. மத்தியானம் சுருண்டு படுத்தவள் சாயங்காலம் வாந்தியெடுத்து நினைவு தடுமாறினாள். தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ எதுவும் வரவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போன பிறகுதான் வண்டியில் ஒரே ஒரு சீட்டு இருப்பது உங்களுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஒரு கணம் நின்றீர்கள். பிறகு வெறும் தகரத்தில் போர்வையை விரித்து அவளைக் கிடத்தினீர்கள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சின் சத்தமும் மழைச் சத்தமும் தகரத்தில் அறைந்து காதைப் பிளந்தன. சத்தத்தைத் தடுக்கும் அட்டைகளையும் நீங்கள் எடுத்துவிட்டிருந்தீர்கள் அல்லவா? அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஏங்க, எனக்குன்னு ஒரு சீட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள். உங்களுக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் திரும்பவில்லை.

வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் தலை இடிக்காமலிருக்க, பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சீட்டைப் போல்ட்டு போட்டுப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் காது இருக்க வேண்டிய இடம். அங்கே காது இல்லை, ஒரு முண்டு மட்டும் இருந்தது.

குடல்வால் வெடிக்க இருந்தது, நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அம்மா பிழைத்தாள். மறுநாள் பகலில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிக்குள் தலையை விட்டு, அந்த இடங்களைத் தடவிப் பார்த்தேன். நான்கு காதுகளையும் அடியோடு அறுத்திருந்தீர்கள். அறுத்த இடத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய ரெட் ஆக்சைடு பெயின்ட் பழசாகி உரிந்துகொண்டிருந்தது. அதாவது ரொம்ப நாளுக்கு முன்பே. அரைமணி நேர வேலை என்று நீங்கள் சொன்னபோது போல்ட்டு போட அங்கே இடமே இல்லை.

அங்கிளும் அன்று பார்த்தார். எப்போதும்போல் கலாய்ப்பார் என்று நினைத்தேன். "இன்னா மாமே இது" என்று மட்டும் சொல்லிவிட்டு, உங்கள் தோளில் கை வைத்தபடி நின்றார்.

அந்த மாதமே காரை விற்றுவிட்டீர்கள். அம்மா போதும் என்றும் சொல்லவில்லை, விற்கச் சொல்லவும் இல்லை. சீட்டு மட்டும் ஹாலில் தங்கிவிட்டது. அதன்பிறகு நம் வீட்டில் யாரும் ஜெர்மன் வண்டிகளைப் பற்றிப் பேசவில்லை.

அம்மா போன பிறகு, கண் பரிசோதனைக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும் உங்களை என் சின்னக் காரில் கூட்டிப்போவேன். முன் கதவைத் திறந்துவிட்டால், "வேணாம்மா, பின்னாடியே குந்திக்கிறேன்" என்று தலையைக் குனிந்து ஏறிக்கொள்வீர்கள். கண்ணாடியில் பார்த்தால், சீட்டின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருப்பீர்கள். ஒருநாள் அம்பத்தூர் சிக்னலில் நிற்கும்போது கேட்டேன். "தவளையா, பெட்டியாப்பா?"

"ரெண்டும் நல்ல வண்டிதாம்மா."

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் தவளை என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பெட்டி என்று சொல்லியிருந்தால் ஒருவேளை அழுதிருப்பேன். விளக்கு பச்சைக்கு மாறியது, வண்டியை எடுத்தேன்.

இந்தச் சீட்டு எங்கள் மூன்றாவது மாடி வீட்டுக் கதவுக்குள் நுழையாது. இருந்தாலும் ஆள் வைத்துத் தூக்கிப்போகத்தான் போகிறேன். அதைவிட இன்னொன்று என் விரல் நுனியிலேயே இருக்கிறது. சீட்டுக் காதுகளை அறுத்த அந்த முண்டுகள் கையைக் கிழிக்கவில்லை, அப்பா. இரும்பை அறுத்தால் ஓரம் பிளேடுபோல் நிற்கும் என்பது பட்டறை வைத்தவர் மகளுக்குத் தெரியாதா? நான்கையும் நீங்கள் பொறுமையாக அரம் போட்டு, வழவழப்பாக்கி, பிறகுதான் பெயின்ட் பூசியிருந்தீர்கள். அவை இருந்த இடம் ரேஸ் பாதையில் யார் கண்ணுக்கும் படாது, ஓட்டுபவர் கைக்கும் எட்டாது. இனி யாரும் உட்காரப்போவதில்லை என்று நீங்களே முடிவு செய்த இடம் அது. அங்கே யார் கை பட்டுவிடும் என்று அத்தனை நேரம் அரம் போட்டீர்கள்?