நூத்துக்கு நூறு என்கிறான்

நவம்பர் 6

கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஃபிலிஸ் இன்று, "தப்பா நினைச்சுக்காத, ஆர்லிஸ்" என்று ஆரம்பித்தாள். தப்பாக நினைக்க வேண்டியது ஒன்று வருகிறது என்று அர்த்தம். வந்தது. புதுக் கோட்டில் நான் கூடாரம் மாதிரி இருக்கிறேனாம். மேனேஜர், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். யாருடைய வேலை நேரத்தையோ குறைக்கப் போகிறார். கல்லாவில் நின்று நின்று இது எனக்குப் பழகிவிட்டது. ஒருவர் எந்த வார்த்தையை விடாமல் சொல்கிறாரோ, அதற்குப் பின்னால் எதையோ வைத்திருக்கிறார்.

என் புருஷன் டெல்மார் பள்ளிப் பேருந்தை ஓட்டி முடித்து, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். சூப்பில் உப்பு சரியா என்றேன். "நூத்துக்கு நூறு." இன்னும் கரண்டியையே கையில் எடுக்கவில்லை.

எதைக் கேட்டாலும் இப்போதெல்லாம் இதுதான்.

நவம்பர் 15

அந்த வார்த்தை அவனிடம் எங்கே ஒட்டியது என்று தெரிந்துவிட்டது.

அவன் மறந்துபோன கையுறையைக் கொடுக்க பஸ் ஷெட்டுக்குப் போனேன். யார் எந்தத் தடத்தில் போவது என்று சொல்கிற ரோக்ஸானா, "உன் வீட்டுக்காரரா? நூத்துக்கு நூறு தங்கம்!" என்று அவன் தோளைத் தட்டினாள். அவன் சிரித்தான். வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

இந்த வயதில் ஒரு ஆண் புது வார்த்தை கற்றுக்கொள்கிறான் என்றால், எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்திருப்பான்?

நவம்பர் 28

நன்றி நாள் விருந்து. மகள் கிர்ஸ்டன் புருஷன் இல்லாமல் தனியாக வந்தாள். வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்த டெல்மாரிடம் தலை குனிந்தபடி, "அப்பா, நானும் ஓவனும் பிரியப் போறோம்பா" என்றாள். குரலே எழும்பவில்லை அவளுக்கு.

டெல்மார் நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்து, "நூத்துக்கு நூறு!" என்றான்.

பெற்ற மகளிடம். அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். "என்ன மனுஷன் நீ?" என்று கத்தினேன். முழித்தான். பிரிந்துபோவது அவனுக்கு அவ்வளவு சந்தோஷமான விஷயமா? தனக்கும் அந்த யோசனை இருக்கிறதா?

டிசம்பர் 9

ரோக்ஸானாவிடமிருந்து அவன் போனுக்கு நாள் முழுக்கக் குறுஞ்செய்தி. நான் அறைக்குள் போனால் கவிழ்த்து வைக்கிறான்.

ஜனவரி 14

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

எனக்கு இன்று விடுமுறை. மதியம் அவன் பேருந்துக்குப் பின்னால் காரில் போனேன். ஆமாம், வேவு பார்க்கத்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு ரோக்ஸானா வீட்டுப் பக்கம் திரும்புகிறானா என்று பார்க்க.

ஊருக்கு வெளியே கேட் இல்லாத ரயில் பாதை. பேருந்து நின்றது. விளக்குகள் சிமிட்டின, கதவு திறந்தது. பள்ளிப் பேருந்து என்றால் கதவைத் திறந்து, ரயில் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். காற்று பனியை வாரி அடித்ததில் தண்டவாளம் கண்ணுக்குத் தெரியவில்லை. கார்க் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் நான் ஜன்னலை இறக்கியிருந்தேன். ரயில் ஊதுவது எனக்குக் கேட்டது. தெளிவாக. கிட்டத்தில்.

பேருந்துக் கதவு மூடிக்கொண்டது. கிளம்பிவிட்டான்.

ஹாரனை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். பின் கண்ணாடியில் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குட்டிப் பெண் எனக்குக் கையாட்டினாள். பேருந்து தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. உடனே சரக்கு ரயில் எங்களுக்கு நடுவே பாய்ந்து போனது.

ஐயோ, இவனுக்குக் காது கேட்கலை! சூப்பு, கிர்ஸ்டன்… எதுவுமே இவனுக்குக் கேட்டிருக்கலையே. நான் என்னென்னவோ நினைச்சேனே!

அவன் வீடு வந்ததும் முகத்துக்கு நேரே நின்று, "எவ்வளவு நாளா?" என்றேன்.

என் வாயையே பார்த்தான். "ரெண்டு வருஷமா" என்றான். "கண்ணாடியில பசங்க உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். பஸ் ரேடியோவுல சொல்றது எனக்குக் கேட்காதுன்னு ரோக்ஸானா போன்ல எழுதி அனுப்புவா. ஜூன் வரைக்கும் சும்மா இரு, ஆர்லிஸ். ரிட்டயர் ஆயிடறேன்."

"இன்னிக்கு ரயில் வந்துச்சு, டெல்மார்."

"எந்த ரயில்?"

சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"காலையில நீ போய்ச் சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

ஜனவரி 15

விடிந்ததும் அவனே போய்ச் சொல்லி, பஸ் சாவியைக் கொடுத்துவிட்டான். திரும்பி வந்து தனியாகச் சாப்பிட்டான்.

ஜனவரி 23

ரோக்ஸானா கடைக்கு வந்தாள். "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள். இந்த வார்த்தையையும் எனக்குத் தெரியும். "அந்தப் பஸ்ல உன் பேத்தியும் போறா, தெரியுமில்ல?" என்றேன். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். காதல் இல்லைதான். ஆனால் என் புருஷனின் ரகசியம் என்னிடம் இல்லாமல் அவளிடம் இருந்ததே, அதற்கு என்ன பெயர்?

பிப்ரவரி 8

கிர்ஸ்டன் வந்தாள். அவன் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, "அன்னிக்கு என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது கண்ணு. மறுபடி சொல்லு" என்றான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் அழுத முகத்தோடு காப்பி கேட்டார்கள்.

ஏப்ரல் 3

காதில் கருவி மாட்டி ஒரு வாரம். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, நான் மெல்லும் சத்தம் சகிக்கவில்லை, கூடத்துக்கு நான் வாங்கிய திரைச்சீலை சவப்பெட்டித் துணி மாதிரி இருக்கிறது என்கிறான். "வாங்கும்போதே கேட்டேனே" என்றேன். "கேட்டிருப்ப. எனக்கு எங்க கேட்டுச்சு?" என்றான். நான் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, மேசையில் உருளைக்கிழங்கு ஆறிப்போனது. நான் முணுமுணுத்ததற்குக்கூடப் பதில் சொன்னான்.

திரைச்சீலையை மாற்றப் போவதில்லை. நாளைக்கும் சண்டை வரும்.