கேன், கேனாட்

ஏப்ரல், செவ்வாய்க்கிழமை. இரவு.

மீனாவுக்கு முழுப் பரீட்சை. நாளைக்கு இங்கிலீஷ், மறுநாள் சயின்ஸ். நாலாம் வகுப்புதான். புதுவயல் மில்லில் வேலை முடிந்து வந்ததும் அவளைப் படிக்க உட்காரவைத்தேன்.

செடிக்கு வேர் எதற்கு, இலை எதற்கு என்று கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னாள். அப்புறம் ‘கேன்’, ‘கேனாட்’ வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னேன். பறவை பறக்கும் என்றாள். மீன் நடக்காது என்றாள். அதே குரலில், “மை ஃபாதர் கேனாட் வாக்” என்றாள்.

அவுக கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாக. மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அந்தக் கட்டில்தான். கோடை லீவுக்குள் அப்பா நடந்துவிடுவார் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறோம். அவுகளும் அப்படித்தான் நம்புறாக. மதுரை டாக்டர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“யாருடி அப்படிச் சொன்னா?” என்று அதட்டிவிட்டேன்.

“தப்பாம்மா?” என்றாள்.

அவுகதான் பேசினாக. “சரியாத்தானே சொல்லியிருக்கா. ஏன் ஆத்தா, ‘அப்பா இன்னும் நடக்கலை’ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்?”

மீனா யோசித்துப் பார்த்தாள். “அது எங்களுக்கு இன்னும் சொல்லித்தரலைப்பா.”

சரி என்று தலையாட்டினாக. பிறகு சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டாக.

மீனா தூங்கிவிட்டாள். அவுக சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருக்காக. தூங்கவில்லை.

அவுக கேட்ட அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். மீனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லிக்கொடுக்கவில்லை.