மருதாணி வேலியும் மாடு கட்டிய கல்லும்

சித்தூர், 5-9-1960

யசோதாவிடமிருந்து கார்டு. பிரசவத்துக்குப் பிச்சாட்டூருக்குத் தாய்வீடு போனவளைக் குழந்தையோடு அழைத்துவர வேண்டிய மாதம் இது. கார்டில் பாதி, பாம்பைப் பற்றி. "கொல்லையில இருக்கிற காட்டை அழிச்சாத்தான் வருவேன். எங்க நைனா வந்து பார்த்துட்டுச் சொல்லணும்." போன வருஷம் பார்த்தது வெறும் சாரை. அதைச் சொன்னால் கோபித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடுவாள். சொல்லப்போவதில்லை.

மகனை இதுவரை இரண்டு முறைதான் தூக்கியிருக்கிறேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

7-9

தோட்ட வேலைக்கு ஆள் கிடைத்தாயிற்று. ரத்னம்மா, அவள் புருஷன் கங்கையா, கூட மூன்று பெண்கள். பேச்செல்லாம் ரத்னம்மாதான். கங்கையா வாயே திறப்பதில்லை.

"மொதல்ல எல்லை காட்டு நைனா. பக்கத்து வூட்டுக்காரங்களையும் கூப்டு. ரெண்டு பேரும் நின்னு காட்டினாத்தான் கத்தி எடுப்போம்."

அது அவர்கள் வழக்கமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சர்வே ஆபீசில் படம் வரைகிறவன் நான். ஏப்ரலில் எல்லை மாறியதிலிருந்து இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். என் கொல்லை எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக் கமலம்மாவோடு அதிகம் பேச்சும் கிடையாது. கணவர் ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. அந்த அம்மாள் தனியாக இருக்கிறார். கோரைக்குள் எல்லைக்கல்லை நானே கண்டுபிடித்து, அதிலிருந்து கயிறும் கட்டிக் கொடுத்தேன்.

"படிச்சவன் சொல்றே, சரி" என்றாள் ரத்னம்மா.

ஞாயிறன்று வரச்சொல்லி மாமனாருக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

10-9, காலை

முள் போயிற்று. கிணறு தெரிகிறது! கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆள் உயரம் வளர்ந்து நிற்கும் மருதாணியையும் வெட்டச் சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.

10-9, மாலை

போச்சு. மானமே போச்சு.

அது எல்லைக்கல்லே இல்லை. கமலம்மாவின் மாமனார் காலத்தில் மாடு கட்டிய கல்! நிஜக் கல் ஐந்தடி இந்தப் பக்கம், மருதாணி அடியில் கிடந்தது. நான் வெட்டச் சொன்னது அவர் வேலியை.

"ஏமய்யா, ராஜ்யத்துக்கெல்லாம் எல்லை போடறியாமே, உன் வீட்டு எல்லை தெரியலையா?" தெருவே கேட்டது. மன்னிப்புக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாளை மாமனார் வருகிறார். வேலியில்லாத வீட்டுக்குக் குழந்தையை அனுப்புவாரா? ஏன்டா, ரத்னம்மா சொன்னதைக் கேட்டிருந்தா என்ன குறைஞ்சுபோயிருக்கும் உனக்கு?

11-9, ஞாயிறு

ரத்னம்மா இன்று கத்தியைத் தொடவில்லை. நேரே கமலம்மா வீட்டுக்குப் போனாள். "மருதாணி வெட்ட வெட்டத் தழையும்மா. வெட்டினதை வூட்டுக்காரம்மா கையில வெக்காம நாங்க போறதில்ல." வலுக்கட்டாயமாக அழைத்து வந்து என் கொல்லைப் படியில் உட்காரவைத்து, என் அம்மியில் அரைத்து, இரண்டு கையிலும் அப்பிவிட்டாள். எதையும் தொட முடியாமல், கையை நீட்டிச் சண்டை போடவும் முடியாமல் கமலம்மா உட்கார்ந்திருந்தபோது மாமனார் வந்து சேர்ந்தார்.

குடையால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "சுத்தமாத்தான் கீது மாப்ளே. ஆனா வேலியே இல்லியே. கைக்கொழந்த இருக்கப்போற வூடு. நாய் பூந்தா யாரு பாக்கறது?"



"ஏன், நான் இல்லையா?" என்றார் கமலம்மா. "வேலி இருந்தப்ப இங்க என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. இப்ப சமையல்கட்டுலேர்ந்தே எல்லாம் தெரியுது. பொண்ணை அனுப்புங்க. இவரை நம்பி இல்ல, என்னை நம்பி."

மாமனார் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்பா காட்டின கைக்கும் கொஞ்சம்" என்று ரத்னம்மா என் சுண்டுவிரலிலும் மருதாணி வைத்துவிட்டாள்.

12-9

ஆபீசில் எல்லோரும் என் சுண்டுவிரலையே பார்த்தார்கள்.

22-9

வந்துவிட்டாள்! வந்துவிட்டார்கள்! பையன் என் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

20-11

ரத்னம்மா கூட்டம் மறுபடி வந்தது. மருதாணி இடுப்பளவு தழைத்திருக்கிறது. "ரெண்டு வூட்டுக்காரங்களும் வந்து நில்லுங்க" என்றாள். நான் உள்ளே போய் மனைப்படத்தைத் தேடி எடுத்து வருவதற்குள் யசோதாவும் கமலம்மாவும் பேசி முடித்துவிட்டார்கள். வேலி முழங்காலுக்கு மேல் வளரக்கூடாதாம்.

ஏனென்று கேட்டேன்.

"அப்புறம் புள்ளைய எப்படிக் கை மாத்தறது?" என்றாள் யசோதா.

எல்லைக்காக நான் கட்டிய கயிறு இன்னும் மாடு கட்டிய கல்லில்தான் இருக்கிறது. கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அதில் குழந்தைத் துணி காய்கிறது.