யோனாஸுக்கு அனுப்பிய பதில்

நவம்பர் 14, வெள்ளி. வுப்பர்டால், ஜெர்மனி.

மாலையில் நகர மண்டபத்தில் இனவாதம் பற்றிக் கலந்துரையாடல். எங்கள் ஈழத்து ஆட்களில் நடேசன் அண்ணைதான் நன்றாகப் பேசினார். அகதியாக வந்த காலத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனாராம். "வீடு போய்விட்டது" என்று கதவைச் சாத்தினார்களாம். அடுத்த வாரமும் அதே வீட்டுக்கு விளம்பரம் வந்ததாம். ஜெர்மன்காரர்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் கை தட்டினேன்.

வெளியே வந்ததும் அவருடைய மேல்மாடி வீட்டைப் பற்றிக் கேட்டேன். அது இரண்டு மாதமாகச் சும்மா கிடக்கிறது. என்னோடு வேலை செய்யும் எரித்திரியன் யோனாஸ், மனைவியோடும் கைக்குழந்தையோடும் அகதி முகாமில் ஒரே அறையில் இருக்கிறான்.

"கறுவலோ?" என்றார்.

"ஓம் அண்ணை. நிரந்தர வேலை."

"எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. கீழ்வீட்டுச் சனம் என்ன சொல்லும்? அதுகளின்ர சமையல் மணம் வேற."

"உங்கட கருவாட்டு மணத்தைச் சகிக்கிற சனம்தானே அண்ணை."

சிரித்தார். "பகிடி விடாதை. எங்கட ஆக்கள் ஆரும் இருந்தாச் சொல்லு. இல்லாட்டி அடுத்த கிழமை விளம்பரம் போடப்போறன்."

வீட்டுக்கு வந்தபோது யோனாஸின் செய்தி காத்திருந்தது. நான் முன்பே சொல்லிவைத்திருந்த அந்த வீட்டை எப்போது வந்து பார்க்கலாம் என்று மனைவி கேட்கிறாளாம். உண்மையை எழுத வெட்கமாக இருந்தது. எங்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. "வீடு போய்விட்டது" என்று அனுப்பினேன். உடனே நன்றி சொல்லிப் பதில் வந்தது.

யோனாஸ் ஒரு விளம்பரத்தையும் தவறவிடுவதில்லை.