சம்பந்தி வீட்டு முகம்

ஜூன் 4
மியூசியத்துக்கான நியாண்டர்தால் பெண் சிலைக்கு, அழிந்துபோன ஆதி மனித இனத்தவளுக்கு, இன்று மூக்கு வைத்தேன். மண்டையோட்டு அச்சின்மேல் சதையின் கனம் காட்டும் அளவுக் குச்சிகள் குத்தி, அவை மறையும்வரை களிமண் அப்பவேண்டும். கைக்கு வேலை இருப்பதால் பிழைக்கிறேன். தங்கை இறந்து வருஷமாகப் போகிறது. அவள் குழந்தை, அவளுடைய நாத்தனார் வீட்டில் வளர்கிறது.

ஜூன் 5
இன்றும் நான் போன் செய்யவில்லை. அந்த நாத்தனாரும் செய்யவில்லை.

ஜூன் 9
எங்கள் பட்டறையில் வண்ணம் பூசுகிற தம்பி வந்து பார்த்தான். "அக்கா, இந்தம்மாவுக்கு யார் மேலயோ கோவம் போல."

தள்ளி நின்று பார்த்தேன். அதே இறுகிய உதடு, அதே வெடுக்கென்ற பார்வை. தங்கையின் நாத்தனாரேதான். அளவுகள் சரி, மீதியை என் கை செய்திருக்கிறது. எங்கள் தொழிலில் அம்மா முகம் வரும், காதலி முகம் வரும், கேலி செய்துகொள்வோம். ஆகாதவள் முகம் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அடக்கம் முடிந்த அன்று, "குழந்தை எங்க ரத்தம், எங்ககிட்டதான் வளரும்" என்றாள். நான் சும்மா இருந்தேனா? "என் தங்கச்சியத்தான் பாத்துக்கத் தெரியல, இதையாவது பாருங்க." அதோடு போக்குவரத்து நின்றது. குழந்தையின் அப்பாவுக்குக் கப்பல் வேலை. அவர் எதிலும் தலையிடவில்லை.

ஜூன் 12
எலும்பு டாக்டர் வந்தார். மியூசியத்தின் ஆராய்ச்சியாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர்.

"இவங்க இனமும் நம்ம முன்னோருங்களும் சேர்ந்து குழந்தை பெத்திருக்காங்க. இவங்க பங்கு கொஞ்சம் நம்மள்ல நிறைய பேர் உடம்புல இன்னும் இருக்கு."

"அப்ப சம்பந்தி வீடுன்னு சொல்லுங்க" என்றான் தம்பி.

நான் சிரிக்கவில்லை. "அந்தக் குழந்தைங்க யார்கிட்ட வளந்துச்சு?"

"சண்டை போட்டாங்களா, கொஞ்சினாங்களா, அதெல்லாம் எலும்புல தெரியாதும்மா. ஆனா யாரோ தூக்கி வளத்திருக்காங்க. இல்லன்னா இவங்க பங்கு நம்மகிட்ட எப்படி வந்து சேரும்?"

எங்க ரத்தம், உங்க ரத்தம் — என்ன பேச்சுப் பேசினோம். குழந்தை பசிச்சு அழுதப்ப யாரு எழுந்தா? நானா? அவதானே.

ஜூன் 13
சிலையின் உதட்டை வழித்துவிட்டு மறுபடி செய்தேன். பிறகு அந்த நாத்தனாருக்குப் போன் செய்தேன். "வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஜூன் 15
போனேன். குழந்தை அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "அம்மாவோட அக்காடி. உனக்குப் பெரியம்மா. போ" என்று அவள் முன்னால் தள்ளிவிட்டாள். வரவில்லை.

நான் கிளம்பும்போது தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். கட்டியாம். இவள யார்கிட்ட விடறதுன்னு தெரியல. உங்ககிட்ட கேக்க வாய் வரல."

பாதியாக இளைத்திருந்தாள். வந்தவுடன் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஜூன் 23
ஆபரேஷன் முடிந்ததாம். கண் விழித்துவிட்டாளாம்.

குழந்தை என் கட்டிலில் மத்தியானத் தூக்கம் போடுகிறது. காலையெல்லாம் அத்தை வேண்டும் என்று ஒரே அழுகை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்ற பிறகுதான் சாப்பிட்டது. எப்போது நாலு மணி ஆகும் என்றிருக்கிறது. எனக்கும் அவளைப் பார்க்கவேண்டும்.