வெறும் குழி

நிலா தென்முனை ஆய்வகம். பதிவு செய்பவர்: பொற்கொடி, செல் ஆய்வாளர்.

நாள் 212, காலை 8.10
வழக்கமான பதிவு. இங்கே இருப்பது நானும் பொறியாளர் செபஸ்தியானும் மட்டும். கதிர்வீச்சில் அவருடைய எலும்பு மஜ்ஜை அழிந்துவிட்டது. முன்பே உறையவைத்திருந்த அவருடைய மஜ்ஜைச் செல்களை உருக்கி ஊட்டநீரில் வைத்திருக்கிறேன். கையிருப்பு அவ்வளவுதான். உயிருள்ள செல்லின் மைட்டோகாண்ட்ரியா மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். செல்லும் சாயமும் விட்ட சோதனைத் தட்டின் குழிகள் எல்லாம் நல்ல ஊதா.

நாள் 212, காலை 11.40
அவரை ஏற்றிப்போக வரும் விண்கப்பலிலிருந்து கேப்டன் நசீமா:
"டாக்டர், செல் இல்லாத வெறும் குழி ஒண்ணு வச்சுப் பாத்தீங்களா? ஆக்சிஜன் அளவும் எடுத்தாச்சா? செல் உயிரோட இருக்குன்னு நீங்க சொன்னா, அவரை ஏத்தாம நாங்க அடுத்த தளத்துக்குப் போயிடுவோம். அங்கயும் ஆள் காத்திருக்காங்க."
எல்லாம் பார்த்தாச்சு என்றேன். பார்க்கவில்லை. இந்தச் சோதனையை இருபது வருடமாகச் சொல்லிக்கொடுப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? கோபம் வந்தது.

நாள் 212, மாலை 4.00
செல்களை அவர் உடம்பில் ஏற்றிவிட்டேன். கப்பல் இங்கே இறங்காமல் அடுத்த தளத்துக்குப் போய்விட்டது.

நாள் 213, காலை 9.30
மிச்சமிருந்த துளியை ஆக்சிஜன் கலத்தில் விட்டேன், சும்மா ஆவணத்துக்காக. செல் மூச்சுவிட்டால் ஆக்சிஜன் குறையும், திரையில் கோடு இறங்கும். இறங்கவில்லை. கலத்தின் மின்முனையைத் துடைத்தேன். சவ்வை மாற்றினேன். கோடு படுத்தே கிடக்கிறது.

நாள் 213, பகல் 1.15
வெறும் குழி வைத்தேன். செல்லே இல்லாத ஊட்டநீர், அதில் சாயம். ஊதாவாகிவிட்டது.
வைட்டமின் சி. செல்கள் தெம்பாக இருக்கட்டும் என்று ஊட்டநீரில் நானே அள்ளிப்போட்டது. சாயத்தை அதுவே மாற்றிவிடும். முதலாண்டுப் பாடம். நான் அவருக்கு ஏற்றியது செத்த செல்கள். வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

நாள் 213, பகல் 2.00
நசீமாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எரிபொருள் கணக்கைப் பார்த்தார். பிறகு:
"திரும்பி வர எரிபொருள் இல்ல டாக்டர். அடுத்த கப்பலுக்கு ஆறு வாரம் ஆகும்."
செபஸ்தியான் இரண்டு வாரம்தான் தாங்குவார்.

நாள் 213, மாலை
சொல்லிவிடத்தான் அவர் அறைக்கு இணைப்புப் போட்டேன். அவர் முந்திக்கொண்டார்:
"டாக்டரம்மா, ஊசி போட்டதுலேருந்து கொஞ்சம் தெம்பா இருக்கு. கஞ்சி குடிச்சேன். உங்க செல்லு வேலைய ஆரம்பிச்சிருச்சு போல. எம் மக ஸ்டெல்லாவுக்கு ஒரு சேதி அனுப்பிருங்க, கிறிஸ்துமஸுக்கு வீட்டுல இருப்பேன்னு. பிள்ள பயந்து கெடக்கும்."
வாயைத் திறந்தேன். சரி என்றுதான் வந்தது.
அனுப்பிவிட்டேன்.